சம்பா நெல்லில் பூச்சி, நோய்: பழைய கைமுறைகளை முதன்முதலாகக் கையாளப் போகிறவர்களுக்கு

மருந்தடிக்காமல் நெல் போட வேண்டும் என்று இறங்குகிற பலரும் முதலில் தேடுவது கசாயச் செய்முறையைத்தான். பயிர் நட்டு, புழு விழுந்து, இலை வெளுத்த பிறகு ராத்திரியோடு ராத்திரியாக வேப்பிலையை அரைத்து ஊற்றுகிறார்கள். பலன் தெரியாமல் போனதும் “இதெல்லாம் வேலைக்காகாது” என்று கடைக்கு ஓடுகிறார்கள். காவிரிப் படுகையில் நாலு தலைமுறையாகச் சேர்ந்த அறிவில் கசாயம் கடைசிப் படி. எதை எப்போது பார்க்க வேண்டும், எப்போது தண்ணீரை வடிக்க வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் அதன் பெரும்பகுதி. அந்த வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறது. அளவுகள் ஒரு ஏக்கர், அதாவது மூன்று மா நடவு நெல்லுக்கு.

1. ஆனி, ஆடியிலேயே வேப்பங்கொட்டை சேருங்கள்

சம்பா நடவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. வேப்பம்பழம் உதிர்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கொட்டையில் பூச்சியைத் தடுக்கும் சத்து மூன்று மாதம் வைத்திருந்தால்தான் நன்றாக இறங்கும். எட்டு மாதம் தாண்டினால் குறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆடியில் பொறுக்கியது ஐப்பசியிலிருந்து பங்குனி வரை முழு வீரியத்தோடு இருக்கும். சம்பா, தாளடி இரண்டுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனி, ஆடியில் நடுகிற குறுவைக்குக் கையில் இருப்பது போன வருடத்துக் கொட்டை. அதை நம்பிக் குறுவையில் இறங்கி ஏமாந்தவர்கள் நிறைய. குறுவைக்கு நல்ல வேப்பெண்ணெய் வாங்கி வைத்துக்கொள்வதே மேல்.

ஒரு தடவை தெளிக்க 10 கிலோ பருப்பு வேண்டும். ஓட்டோடு உள்ள கொட்டையில் ஏறத்தாழ பாதிதான் பருப்பு. ஆகவே 20 முதல் 22 கிலோ கொட்டை. இரண்டு தெளிப்புக்கு என்று 45 கிலோ சேர்த்துவிட்டால் நிம்மதி.

பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையை நீக்கி, கொட்டையை நிழலில் காயவையுங்கள். வெயிலில் காயவைத்தால் சத்து போய்விடும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். சாக்குப்பையில், காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த கொட்டை உள்ளேயே வியர்த்துக் கறுத்துவிடும். விலைக்கு வாங்குகிறவர்கள் பத்துக் கொட்டையை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். கறுத்ததும் பூஞ்சை படிந்ததுமாகப் பாதி இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

2. விதை, நாற்று, நடவு: இங்கே செய்கிற நாலு காரியம்

உப்புத் தண்ணீரில் விதை தேர்வு. ஒரு வாளித் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போட்டு, உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை மேலே வந்து பழைய இருபத்தைந்து பைசா அகலத்துக்குத் தலைகாட்டும்போது நிறுத்துங்கள். விதையைக் கொட்டிக் கிளறி, மிதப்பதை அள்ளி எறியுங்கள். நோய் தாக்கிய அரைகுறை மணிகளில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மூழ்கிய விதையை உடனே இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் முளைப்பு கெடும்.

நாற்றங்காலில் இலைப்பேன். நுனி சுருண்டு மஞ்சளாகத் தெரிந்தால் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நாற்றின் மேல் ஒருமுறை தடவி எடுத்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறியதாக, கறுப்புக் கோடு மாதிரி கையில் ஒட்டியிருக்கும். பன்னிரண்டு இடத்தில் இப்படித் தடவி, மொத்தம் 60 தாண்டினால்தான் கவலை. அப்போதும் மருந்து வேண்டியதில்லை. நாற்று மூழ்கும்படி விட்டுவிட்டு ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கட்டி, பிறகு வடித்தால் போதும்.

நுனி கிள்ளுதல். குருத்துப்பூச்சி நாற்றின் இலை நுனியில்தான் முட்டைக் குவியலை வைக்கும். அதன்மேல் பழுப்பு வெல்வெட் துணி ஒட்டினாற்போல ரோமம் மூடியிருக்கும். நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டை வயலுக்குப் போகாது. பெரியவர்கள் சொல்கிற இந்த முறை சரியானதுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. போன வருடம் உங்கள் வயலிலோ மேல்மடையிலோ பாக்டீரியா இலைக்கருகல் வந்திருந்தால் கிள்ளாதீர்கள். வெட்டுக்காயம் வழியாக அந்த நோய் நேராக உள்ளே போகும். அப்படிப்பட்ட இடத்தில் முட்டையுள்ள இலையை மட்டும் பார்த்துப் பார்த்து எடுப்பதே வழி. கேள்விப்பட்ட முறையை எல்லா வயலுக்கும் ஒரே மாதிரி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பட்டம் விட்டு நடுதல். எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி விடச் சொல்லுங்கள். நடவாட்கள் “இடம் வீணாகுதே” என்பார்கள். ஓரத்துக் குத்துகள் (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) கூடுதலாகத் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) கட்டி அதை ஈடுகட்டிவிடும். புகையான் (அடித்தூரில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) வருகிற காலத்தில் அடித்தூரில் வெயிலும் காற்றும் படுவது இந்தப் பாதையால்தான். தெளிக்கப் போகிறவர் பயிரை மிதிக்காமல் நடக்கவும் இதுவே வழி.

கடைசி உழவில் 60 கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி இடுங்கள். அமாவாசை, பௌர்ணமி என்று நாள் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஊரோடு ஒத்து ஒரே வாரத்தில் நடுவதைக் கைவிடாதீர்கள். தெருவே அறுத்த பிறகு உங்கள் வயல் மட்டும் பச்சையாக நின்றால் ஊர்ப் பூச்சியெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

3. வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஆறரை மணிக்கு வயலில் இருங்கள்

பனி உலர்வதற்கு முன் போனால் சிலந்தி வலைகள் வெள்ளையாகத் தெரியும். எத்தனை வலை என்று எண்ணுங்கள். பூச்சி எண்ணுவதற்கு முன் இதைச் செய்வது முக்கியம், ஏனென்றால் தெளிப்பதா வேண்டாமா என்பது சிலந்தியைப் பொறுத்து மாறும்.

வயலின் குறுக்கே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்து, இருபது குத்துகளைப் பாருங்கள். வரப்போரத்தை விட்டுவிடுங்கள், அங்கே எப்போதும் தாக்குதல் அதிகமாகத் தெரியும், பயந்துவிடுவீர்கள். குத்துக்குப் பதினைந்து தூர் என்றால் மொத்தம் 300. அதில் 30 குருத்து காய்ந்திருந்தால் 10 சதவீதம். இதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். “பூச்சி அதிகம்” என்று எழுதினால் அடுத்த வாரம் ஒப்பிட முடியாது.

எந்த அளவைத் தாண்டினால் கை வைக்க வேண்டும்? குருத்துப்பூச்சிக்குத் தூர்ப் பருவத்தில் 10 சதவீதக் குருத்துக் காய்தல், அல்லது சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல். கதிர் வந்தபின் 2 சதவீத வெண்கதிர். இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலை, பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். ஆனைக்கொம்பனுக்கு 10 சதவீத வெள்ளித்தண்டு (குருத்துக்குப் பதில் வருகிற வெள்ளைக் குழல்). புகையானுக்குத் தூருக்கு ஒன்று; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். கதிர் நாவாய்ப்பூச்சிக்குப் பூக்கும்போது நூறு கதிருக்கு 5, பால் பிடிக்கும்போது 16.

இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். நட்ட முதல் நாற்பது நாளில் இலையில் விழுகிற சேதத்தைப் பயிர் புதுத் தூர், புது இலை விட்டுத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். பதற்றத்தில் அந்தச் சமயத்தில் எதையாவது அடித்தால் சிலந்தியும் பொறிவண்டும் போய், பின்னால் புகையானுக்குத் தடை சொல்ல ஆளில்லாமல் போய்விடும்.

4. ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று நினைக்காதீர்கள்

நடுக்குருத்து காய்ந்திருக்கிறது. இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் அழுகி நாற்றமடித்தால் குருத்துப்பூச்சி. தண்டு சாய்வாகக் கத்தியால் சீவினாற்போல் வெட்டுப்பட்டிருந்தால் எலி. குருத்துக்குப் பதிலாக வெங்காயத்தாள் போல உள்ளே கூடான வெள்ளைக் குழல் நீண்டிருந்தால் ஆனைக்கொம்பன்.

கதிர் வெளுத்திருக்கிறது. முழுக்கதிரும் பதராகி, இழுத்தால் உருவிக்கொண்டு வந்தால் குருத்துப்பூச்சியின் வெண்கதிர். கதிரின் கழுத்தில் கறுப்புப் பட்டை விழுந்து அங்கேயே ஒடிந்தால் குலை நோய். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. வேப்பங்கொட்டைக் கரைசலைத் தண்டுக்குள் இருக்கிற புழுவுக்கு அடிப்பதும் வீண், கழுத்தில் விழுந்துவிட்ட குலை நோய்க்கு அடிப்பதும் வீண்.

இலை ஓரம் நுனியிலிருந்து அலைஅலையாகக் காய்ந்து வருகிறது. இது பாக்டீரியா கருகலா, சத்துக் குறைவா? பச்சையும் காய்ந்ததும் சந்திக்கிற இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி சில நிமிடம் பிடியுங்கள். முனையிலிருந்து பால் கசிவது போல மெல்லிய வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா. ஒன்றும் இறங்காவிட்டால் வேறு காரணம் தேடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் வீண் செலவு செய்கிறவர்கள் ஏராளம்.

புகையானைத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. குத்தைச் சாய்த்துத் தண்ணீருக்கு மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பழுப்பாக, தண்ணீர் மட்டத்தில் விழுந்து குறுக்காக நகர்கிறவை அவைதான். வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்து நிற்பதைப் பார்த்த பிறகு கண்டுபிடித்தால், அந்த வட்டம் போனது போனதுதான். சுற்றியுள்ளதைத்தான் காப்பாற்ற முடியும்.

நெல்மணி மஞ்சள் பந்தாக உப்பிப் பிறகு கரும்பச்சைப் பொடியாக மாறுவது நெல்பழம். விளைச்சல் நன்றாக இருக்கிற வருடத்தில்தான் அது வரும் என்று லட்சுமி நோய் என்றே ஊரில் பெயர் வைத்தார்கள். கவனித்தது சரிதான்: தழைச்சத்தும் ஈரமும் மிகுந்த செழிப்பான பயிரில்தான் அது அதிகம். அதற்காக விட்டுவைக்காதீர்கள். பனி ஈரம் இருக்கும்போதே, பொடி பறக்காமல் அந்தக் கதிரை ஒரு பைக்குள் விட்டுக் கிள்ளி எடுத்துப் புதையுங்கள். அந்த வயலில் விதைக்கு நெல் எடுக்க வேண்டாம்.

5. கரைசலுக்கு முன் கைவேலை

புகையானுக்கு முதல் மருந்து தண்ணீரை வடிப்பது. மூன்று நான்கு நாள் வயல் காயட்டும், லேசாக மயிர்வெடிப்பு விழுகிற வரை. பிறகு கட்டி மறுபடி வடியுங்கள். பட்டம் விடாத வயலில் எட்டடிக்கு ஒரு முறை பயிரை இருபக்கமும் சாய்த்துப் பிரித்துவிடுங்கள், அடியில் வெயில் படும்படி. அந்தச் சமயத்தில் தழைச்சத்து தருகிற எதையும், மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்) உட்பட, நிறுத்துங்கள். மழை விடாமல் பெய்து வடிக்க இடமில்லாத பள்ளக்கால் வயல்தான் சிக்கல். அங்கே பட்டமும் வரப்புச் சிலந்தியும்தான் காப்பு என்பதால் நடவிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இலைச்சுருட்டுப் புழுவுக்கு முள்கிளை. இலந்தை அல்லது கருவேல முள்கிளையைக் கயிற்றில் கட்டி, இருவர் இருபக்கமும் பிடித்துப் பயிரின் தலைமேல் மெதுவாக இழுத்துப் போனால் சுருண்ட இலை பிரிந்து புழு வெளியே விழும். வயலில் தண்ணீர் இருக்க வேண்டும். பொதி கட்டிய பிறகு (தண்டுக்குள் கதிர் உருண்டு திரளும் பருவம்) இழுக்காதீர்கள். இலைக்கருகல் உள்ள வயலில் எப்போதுமே வேண்டாம். காரணம் முன்னே சொன்ன காயம்தான்.

கூண்டுப்புழுவுக்கு வெறும் கயிறே போதும். இழுத்ததும் இலைத்துண்டுக் கூடுகள் தண்ணீரில் மிதக்கும். வடிமடையில் கொசுவலைத் துணி கட்டித் தண்ணீரை வடித்து, வடிந்ததை அள்ளிப் புதையுங்கள். கயிற்றை மண்ணெண்ணெயில் நனைப்பது பழைய வழக்கம். அங்ககச் சான்று (இயற்கை விளைபொருள் என்ற சான்று) வாங்கப் போகிறவர்கள் அதைச் செய்ய வேண்டாம், துணி கட்டி வடிப்பதே போதும்.

பறவைத் தாங்கிகள் ஏக்கருக்கு 15 முதல் 20, பயிரைவிட ஓரடி உயரமாக, நட்ட பதினைந்தாம் நாளிலிருந்து. கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்துவிட்டால் பகலெல்லாம் அதற்கு அதே வேலை. பால் பிடிக்கத் தொடங்கும்போது பிடுங்கிவிட வேண்டும். மறந்தால் உட்காருவது நெல் தின்னும் குருவியாக இருக்கும்.

விளக்குப் பொறி ஏக்கருக்கு ஒன்று. அகலமான சட்டியில் சோப்புத் தண்ணீர், மேலே ஒரு பல்பு. மாலை ஆறிலிருந்து பத்து வரை எரித்து அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரித்தால் நன்மை செய்கிற பூச்சிகளும் வந்து விழும். சட்டியில் விழுந்ததைக் காலையில் பாருங்கள்: மஞ்சள் அந்துப்பூச்சி திடீரென்று கூடினால் ஒரு வாரம் பத்து நாளில் குருத்தில் புழு இருக்கும். அந்த நேரத்தில் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை (பூச்சி முட்டையை அழிக்கும் நுண்குளவி ஒட்டிய அட்டை) கட்டுகிறவர்கள் ஏக்கருக்கு 2 சி.சி. (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு) வீதம் நட்ட 30, 37ஆம் நாளில் கட்டலாம். கட்டிய வாரத்தில் எதையும் தெளிக்காதீர்கள்.

வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள், சிலந்தியும் பொறிவண்டும் தங்க இடமாகும். செலவு ஒரு படி விதை.

6. வேப்பங்கொட்டைக் கரைசல், ஐந்து சதவீதம்

ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு, 200 லிட்டர் தண்ணீர், 400 கிராம் காதி சோப்பு. நாளை மாலை தெளிக்க வேண்டுமென்றால் இன்று மாலை தொடங்குங்கள்.

கொட்டையை உரலில் லேசாகக் குத்தி ஓட்டைப் புடைத்து எடுங்கள். பருப்பை ரவை பதத்துக்கு இடியுங்கள். மிக்சியில் ஓட்டினால் சூடாகி, எண்ணெய் கக்கிக் கட்டிதட்டும். பிறகு தண்ணீரில் சத்து இறங்காது. உள்ளங்கையில் எடுத்து அழுத்தினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும், வழியக் கூடாது. அதுதான் பதம்.

தூளைப் பருத்தித் துணியில் இரண்டு மூன்று முடிச்சாகத் தளர்வாகக் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிடுங்கள். இறுகக் கட்டினால் நடுவில் உள்ளது நனையவே நனையாது. மறுநாள் முடிச்சைப் பிசைந்து பிழியுங்கள், மறுபடி நனைத்துப் பிழியுங்கள். வெளிவருகிற பாலின் வெள்ளை மங்குகிற வரை. வடிகட்டி, 200 லிட்டராக்குங்கள். சோப்பைச் சீவித் தனியே கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கடைசியில் சேருங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் தோற்கிறார்கள். உப்பான போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரியும், காரத்தன்மை மிகுந்த நீரில் வேம்பின் சத்தும் சீக்கிரம் சிதையும். வாய்க்கால் தண்ணீர், மழைத்தண்ணீர், குளத்துத் தண்ணீர் எது கிடைத்தாலும் அதை எடுங்கள்.

மாலை நாலு மணிக்கு மேல் தெளியுங்கள். வெயில் இந்தச் சத்துக்கு எதிரி. கரைத்ததை அன்றே முடித்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்து நாளை தெளிப்பது தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். 10 லிட்டர் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு இருபது டேங்க் வரும். எட்டு டேங்க்கோடு முடித்துவிட்டேன் என்று ஆள் சொன்னால் பாதி வயலில் படவில்லை என்று அர்த்தம். முன்பு களைக்கொல்லி அடித்த தெளிப்பானை வாடகைக்கு எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி எடுங்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் புழு உயிரோடுதான் இருக்கும். இங்கேதான் பொறுமை போகிறது. வேம்பு உடனே கொல்வதில்லை. தின்ன விடாமலும், தோலுரிக்க விடாமலும், முட்டை வைக்க விடாமலும் செய்கிறது. மூன்று நான்கு நாள் கழித்துப் புதிதாக இலை கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் கணக்கு. இளம்புழுவுக்குக் கேட்கும், முற்றிய புழுவுக்குக் கேட்காது. ஆறு ஏழு நாளில் வீரியம் போய்விடும், மழை பெய்தால் அன்றே போகும். புகையானுக்குத் தெளிக்கும்போது கூம்பு முனையைப் பயிரின் அடிக்குத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். தலைமேல் தெளித்தால் அடியில் இருக்கிற பூச்சிக்குச் சேதியே போகாது.

7. மற்றக் கரைசல்கள்

வேப்பெண்ணெய், மூன்று சதவீதம்: லிட்டருக்கு 30 மி.லி., ஏக்கருக்கு 6 லிட்டர். எண்ணெயில் முதலில் சோப்புக் கரைசலைச் சேர்த்து வெள்ளைக் களிம்பாகும் வரை அடித்து, அதன்மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் என்ன செய்தாலும் மிதக்கும். ஒரு டம்ளரில் எடுத்து ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் தெளிக்காதீர்கள். அந்தப் பொட்டு விழுகிற இடத்தில் இலை கருகும். நண்பகலில் தெளித்தாலும் கருகும்.

பாக்டீரியா இலைக்கருகலுக்குப் பசுஞ்சாணிக் கரைசல், இருபது சதவீதம்: அன்றன்றைய சாணி 40 கிலோ, தண்ணீர் 200 லிட்டர். கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரைச் சாக்கில் ஒருமுறை, துணியில் ஒருமுறை வடியுங்கள். ஒரே வடியோடு நிறுத்தினால் டேங்க்குக்கு நாலு முறை முனை அடைத்துக்கொள்ளும். அறிகுறி தெரிந்ததும் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை. அதைவிட முக்கியம், நோய் வந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதிருப்பது.

பூச்சிவிரட்டி எனப்படும் இலைக்கரைசல்: ஆடு மாடு தொடாத இலை (ஆடாதொடா, நொச்சி), ஒடித்தால் பால் வரும் இலை (எருக்கு, காட்டாமணக்கு), கசக்கும் இலை (வேம்பு). இவை ஐந்தில் ஒவ்வொன்றிலும் 2 கிலோ, இடித்து, முங்குகிற அளவு மாட்டுக் கோமியம் விட்டு, நிழலில் மூடி பத்துப் பதினைந்து நாள். தினம் ஒருமுறை கலக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி.யில் தொடங்கி, ஒரு மூலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். கோமியம் பழுத்தது கெட்டியாக இருந்தால் இலை நுனி கருகும். ஊருக்கு ஊர் அளவு மாறுவதற்குக் காரணம் இலையின் முதிர்ச்சியும் கோமியத்தின் கெட்டியும்தான். இது பூச்சியை அண்டவிடாமல் செய்ய மட்டுமே. விழுந்துவிட்ட பூச்சிக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ஒடிக்கும்போதும் இடிக்கும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அரளி, ஊமத்தை சேர்க்கச் சொல்வார்கள். இரண்டும் விஷம், குழந்தைகளும் ஆடுமாடும் உள்ள வீட்டில் வேண்டாம். இயற்கை என்பதால் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கரைசலையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது.

8. கதிர் வந்த பின்

பால் பிடிக்கும்போது வயலுக்குள் இறங்கியதும் ஒரு வீச்சம் அடித்தால் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டது. காலையிலும் மாலையிலும்தான் கதிரில் இருக்கும், நடுப்பகலில் எண்ணினால் கணக்கு தப்பும். நண்டு அடித்து அழுகவிட்டுக் குச்சியில் கட்டி வரப்போரம் நட்டால் வாடைக்கு வந்து மொய்க்கும். வலையால் அள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். சலித்த அடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தில் தூவுவதும் உண்டு. அளவு தாண்டினால் வேப்பங்கொட்டை அல்லது நொச்சி இலைக் கரைசல், ஐந்து சதவீதம். பூ திறந்திருக்கிற காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை மட்டும் எதையும் தெளிக்காதீர்கள்.

எலிக்குத் தஞ்சாவூர் கிட்டியை (மூங்கில் வில் பொறி) மிஞ்சியது கிடையாது. ஏக்கருக்கு 40 வரை வைக்க வேண்டியிருக்கும். கிட்டிக்காரர் மாலையில் எலித்தடம் பார்த்து வைத்துவிட்டுக் காலையில் எடுப்பார், பிடித்த எலிக்கு இவ்வளவு என்று கூலி. பொதி கட்டுவதற்கு முன்பே கூப்பிடுங்கள். கதிர் வந்த பிறகு ஊர் முழுக்க அவரைத் தேடும், எலியும் குட்டி போட்டுப் பெருகியிருக்கும். வரப்பை அகலமாக வைப்பது எலிக்கு வீடு கட்டிக் கொடுப்பது போல. ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் போதும்.

9. செலவும் ஆளும்

விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேப்பங்கொட்டைத் தெளிப்புக்குக் கொட்டை உடைத்து இடிக்க ஒரு ஆள் நாள், பிழிந்து வடிகட்டித் தெளிக்க இரண்டு ஆள் நாள். கொட்டையைப் பொறுக்கியிருந்தால் கூலி மட்டும்தான். வேப்பெண்ணெய் லிட்டர் 200 ரூபாய் என்று வைத்தாலும் 6 லிட்டருக்கு 1,200, அதோடு தெளிப்புக் கூலி. ஆகவே எண்ணெயைக் கொட்டை கிடைக்காத நேரத்துக்கு வையுங்கள். வாரம் இரண்டு நாள் வயல் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும்; அந்த ஒரு மணி நேரம் பல சமயம் ஒரு தெளிப்பையே மிச்சப்படுத்தும்.

10. காகிதங்கள்

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு. தேதி, நட்ட எத்தனையாவது நாள், எந்தப் பூச்சி எவ்வளவு, சிலந்தி எத்தனை, என்ன செய்தீர்கள், நாலாம் நாள் என்ன பார்த்தீர்கள். கொட்டை, எண்ணெய், புண்ணாக்கு வாங்கிய ரசீதுகளை அதிலேயே ஒட்டுங்கள். பின்னால் சான்று கேட்கும்போது ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து எழுதியது ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சான்றுக்கு இரண்டு வழி. உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் என்றால் பங்கேற்பு உத்தரவாத முறை: குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் ஆய்வு செய்வது, சான்றுக் கட்டணம் கிடையாது. ஏற்றுமதி என்று போகிறவர்களுக்குக் கோயம்புத்தூரில் தலைமையகம் உள்ள மாநில அங்ககச் சான்றளிப்புத் துறை. நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருட மாறுதல் காலம் உண்டு என்பதால் நாளைக்கே விண்ணப்பித்தாலும் முழுச் சான்று உடனே வராது. சிட்டா, புல வரைபடம், ஆதார், மண் மற்றும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வருடப் பயிர்த் திட்டம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மண் அறிக்கைக்கு அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் கோடையிலேயே மாதிரி கொடுத்துவிடுங்கள். குத்தகை நிலம் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து வயலில் மருந்தடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். இடைவெளி விட்ட வரப்பு, தனி மடை இரண்டையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

பயிர்க் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் உங்கள் பங்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதாரோடு கெடு தேதிக்கு இரண்டு வாரம் முன்பே பொதுச் சேவை மையத்தில் கட்டிவிடுங்கள். கடைசி நாளில் இணையதளம் நகராது. பூச்சி நோய் இழப்பு தனி வயலுக்குக் கணக்கிடப்படாது, கிராமத்தின் சராசரி மகசூலை வைத்தே கிடைக்கும். ரசீதில் புல எண்ணும் பரப்பும் உங்கள் சிட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள், ஒரு எண் மாறினாலும் பிறகு திருத்துவதற்குள் அடுத்த சம்பா வந்துவிடும்.